எப்ரு பத்தி என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

இஸ்தான்புல்ல ஆசியக் கரைப் பக்கம், உஸ்குதார்ல இருக்கேன். 9 வருஷமா எப்ரு பண்றேன். வீட்டுக்கு வர்றவங்க, போன்ல வீடியோ பாத்துட்டு கேக்குறவங்க, ஊர்ல இருக்குற சொந்தக்காரங்கன்னு எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட இதே கேள்விங்கதான், அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். சிலதுக்கு ரெண்டு வரி போதும், சிலதுக்கு கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

அக்கா, எப்ருன்னா என்ன?

பிசின் போட்டு கொஞ்சம் கெட்டியாக்குன தண்ணி, அது மேல கலரைத் தெளிச்சு மிதக்க விட்டு, அங்கயே அதை இழுத்து கோலமாக்கி, மேல ஒரு காகிதத்தைப் போட்டு எடுத்தா தண்ணி மேல இருந்தது அப்படியே காகிதத்துல வந்துடும். அதுதான் எப்ரு. பழைய புஸ்தக அட்டைக்கு உள்பக்கம் பளிங்குக் கல்லு மாதிரி நெளிநெளியா ஒரு காகிதம் ஒட்டியிருக்குமே, அந்தக் குடும்பம்தான். துருக்கில இது புஸ்தகக் கட்டு வேலையோடயும், எழுத்தை அழகா எழுதுற கையெழுத்துக் கலையோடயும் சேந்து வளந்தது. 2014ல யுனெஸ்கோ இதை மனிதகுலத்தோட பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு.

பேருக்கு என்ன அர்த்தம்?

பாரசீகத்துல 'அப்ர்'னா மேகம். 'அப்ரி'ன்னா மேகம் மாதிரி இருக்கறது. அதுதான் துருக்கியில எப்ரின்னு ஆகி அப்புறம் எப்ருன்னு ஆச்சுன்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. 'ஆப்-ரூ', அதாவது தண்ணியோட முகம்ங்கிற சொல்லுலேருந்து வந்ததுன்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு மேகம்தான் சரின்னு படுது, தொட்டி மேல மொத கலர் விரியுறதைப் பாத்தீங்கன்னா நீங்களும் அதைத்தான் சொல்லுவீங்க.

கலர் ஏன் முங்கல? ஏன் ஒண்ணோட ஒண்ணு கலந்து சேறாகல?

இந்தக் கேள்வியக் கேக்குறவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா மொத்த வேலையும் இதுக்குள்ளதான் இருக்கு.

மூணு விஷயம் சேரணும். ஒண்ணு தண்ணி. வெறும் தண்ணி கிடையாது, கித்ரேங்கிற பிசின் ஊறின தண்ணி, மோர் பதத்துக்கு இருக்கும். அது கெட்டியா இருக்கறதால கலர் கீழ எறங்காம மேலயே நிக்குது. ரெண்டாவது கலர். தண்ணில கரையுற சாயம் இல்ல, கரையாத மண்ணும் கல்லும், மாவு மாதிரி அரைச்சது. மூணாவது மாட்டுப் பித்தம், இங்க 'ஓத்'ன்னு சொல்றாங்க. பாத்திரம் வெளக்குற சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டா மேல மிதக்குற எண்ணெய்ப் படலம் ஓரத்துக்கு ஓடுமே, பித்தமும் அந்த வேலையத்தான் பண்ணுது, கலரை மெல்லிசா விரிய வைக்குது. அதுக்கு மேல இன்னொரு கலர் சொட்டு விட்டா அது தனக்கு எடம் பண்ணிக்கிட்டு முன்னாடி விட்டதை ஒதுக்கித் தள்ளும், ஆனா கலக்காது. ஒதுக்க ஒதுக்க முன்ன விட்ட கலர் நெருங்கி அழுத்தமாகி நரம்பு மாதிரி ஓடும். பளிங்குல தெரியுற கோடு அதுதான்.

அதனால மொதல்ல விடுற கலர்ல பித்தம் கம்மியா இருக்கணும், அடுத்தடுத்து வர்றதுல கூடிக்கிட்டே போகணும். இந்தக் கணக்கு தப்பினா பின்னாடி விட்ட கலர் விரிய எடமில்லாம புள்ளியா சுருங்கி நிக்கும், இல்ல ரொம்ப விரிஞ்சு மத்ததையெல்லாம் ஓரங்கட்டிடும். எத்தனை சொட்டு பித்தம்னு யாரும் சொல்லித் தர முடியாது, ஏன்னா ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு அளவு, அதுவும் அன்னிக்கு வெயிலா குளிரா, கித்ரே புதுசா பழசாங்கறதைப் பொறுத்து மாறும். தெனமும் ஒரு சொட்டு விட்டுப் பாத்து, பித்தம் சேத்து, மறுபடி விட்டுப் பாத்துதான் ஆரம்பிக்கணும். நான் உக்காந்து பண்ற நேரத்துல பாதி இதுலயே போயிடும்.

கித்ரேக்கு பதிலா பாதாம் பிசின் போடலாமா?

வேண்டாம். ஊறினா ரெண்டும் பொங்கும்தான், ஆனா செடி வேற. கித்ரே துருக்கியோட அனத்தோலியா மலைப்பக்கம் வளர்ற கெவென்னு ஒரு முள்ளுப் புதர்லேருந்து வருது. தண்டைக் கீறி விட்டா பால் மாதிரி கசிஞ்சு, காஞ்சு, வெள்ளை நாடா மாதிரி சுருண்டுக்கும். வடக்க கோந்து கதீரான்னு விக்கிறாங்களே, கித்ரேங்கிற பேரும் அதே சொல்லுதான். ஆனா நம்ம நாட்டுல அந்தப் பேர்ல கிடைக்கறது பல சமயம் வேற மரத்துப் பிசின், பாத்து வாங்குங்க.

நான் லிட்டருக்கு சுமார் 10 கிராம் போட்டு ரெண்டு மூணு நாள் ஊற வைப்பேன், நடுநடுவுல கிளறி விட்டு, அப்புறம் துணிப் பையில போட்டுப் பிழிஞ்சு வடிகட்டுவேன். கை வலிக்கும். அவசரம்னா இப்ப நெறைய பேர் கடல்பாசிப் பொடி போடுறாங்க, ஒரு ராத்திரியில ரெடியாயிடும், பூ வரைய அது நல்லாவும் இருக்கும். எனக்கு கித்ரேதான் கைக்குப் பழகியிருக்கு.

நெஜமாவே மாட்டுப் பித்தமா? நாங்க சைவம், என்ன பண்றது?

ஆமா, நெஜமாவே. கசாப்புக் கடையிலேருந்து வர்ற பித்தப்பை. அடுப்புல கொதிக்கிற தண்ணிக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு அதுல ஊத்திக் காய்ச்சி, நுரைய எடுத்து, வடிகட்டி பாட்டில்ல வச்சுக்கணும். வாடை பலமா இருக்கும், மறைக்க ஒண்ணுமில்ல. ஓவியச் சாமான் கடையில செயற்கைப் பித்தம்னு கிடைக்குது, மனசு ஒப்பலன்னா அதை வாங்கிக்கோங்க. கலர் விரியுற விதம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், ஆனா வேலை நடக்கும். இதுல யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்ல.

என்ன கலர் போடுறீங்க? கடையில வாங்குற அக்ரிலிக் ஆகாதா?

அக்ரிலிக்லயும் காகிதத்துல வரும், அழகாவும் வரும், ஆனா அது வேற வேலை. நான் மண் கலர்தான். செவப்பு, காவி, பழுப்பு எல்லாம் இரும்பு கலந்த மண்ணு. இங்க இஸ்தான்புல்லயே சாம்லிஜா குன்று மண்ணுலேருந்து ஒரு பழுப்பு எடுப்பாங்க, பழைய ஆளுங்களுக்கு அது ரொம்ப இஷ்டம். கறுப்புக்கு வெளக்குக் கரி. நீலத்துக்கு 'லாஹோர் சிவிதி', அதாவது லாகூர் நீலம், நம்ம அவுரிதான் அது! மொத தடவ எங்க ஹோஜா அந்தப் பொட்டலத்தைக் காட்டிப் பேரைச் சொன்னப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, அவ்ளோ தூரம் வந்தும் நம்ம பக்கத்துச் சரக்கு ஒண்ணு தட்டுல இருக்கேன்னு. (ஹோஜான்னா வாத்தியார், எனக்குச் சொல்லிக் கொடுத்தவரை இங்க அப்படித்தான் கூப்பிடுவேன்.)

பழைய முறையில மஞ்சளுக்கு அரிதாரம்ங்கிற மஞ்சள் கல்லு போடுவாங்க, வெள்ளைக்கு ஈய வெள்ளை. ரெண்டும் விஷம், நான் தொடறதில்ல, நீங்களும் தொடாதீங்க.

அரைக்கறதுக்கு பளிங்குப் பலகை, மேல தெஸ்தெசெங்க்னு ஒரு கைக்கல்லு. அம்மி குழவி தெரிஞ்சவங்களுக்கு வெளக்கவே வேண்டாம், ஆனா குழவிய உருட்டற மாதிரி இல்ல, எட்டு போடுற மாதிரி தேய்க்கணும். ஒரு கலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். சரியா அரையலன்னா காகிதத்துல துகள் துகளா தெரியும், காஞ்சப்புறம் விரல்ல தொட்டா ஒட்டிக்கும்.

பிரஷ் ஏன் சின்ன தொடப்பம் மாதிரி இருக்கு?

ரோஜாக் கிளையில குதிரை வால் முடியச் சுத்திக் கட்டினது, நாமளே கட்டிக்கணும். ரோஜாக் குச்சி லேசா இருக்கும், வளைஞ்சு குடுக்கும், எந்நேரமும் ஈரத்துல கெடந்தாலும் சீக்கிரம் பூசணம் பிடிக்காது. முடிய நெருக்கிக் கட்டாம நடுவுல கொஞ்சம் காலியா விட்டுக் கட்டுனா கலரைத் தேக்கி வச்சுக்கும், இன்னொரு கை விரல் மேல தட்டுனா சொட்டு சொட்டா விழும். நான் கட்டுன மொத பத்து பிரஷ்ல ரெண்டுதான் ஒழுங்கா தெளிச்சுது.

அந்த துலிப் பூ வரையுற வீடியோ பாத்தேன், செம! எத்தனை நாள்ல கத்துக்கலாம்?

இதுதான் எல்லாரும் கேக்குற மொத கேள்வி. பூ வரையுற அசைவை ஒரே மத்தியானத்துல காட்டிடலாம். பச்சை சொட்டு விட்டு பிஸ்னு சொல்ற ஊசியால கீழ இழுத்தா தண்டு, மேல செவப்பு சொட்டு விட்டு உள்ள குத்தி, மேல மூணு எடத்துல இழுத்துவிட்டா துலிப். வந்துடும். அதை போட்டோ எடுத்துப் போட்டா லைக்கும் வரும்.

ஆனா அன்னிக்கு தொட்டிய ரெடி பண்ணது வேற ஒருத்தர், கலர்ல பித்தத்தை சரி பண்ணி வச்சது வேற ஒருத்தர். நீங்க வீட்டுக்குப் போய் தனியா பண்ணா சொட்டு நிக்காது, ஏன் நிக்கலன்னும் தெரியாது. அங்கதான் நெறைய பேர் மனசு உடைஞ்சு விட்டுடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா அவங்களுக்குத் திறமை இல்லாம போகல, ஆரம்பமே தப்பான எடத்துலேருந்து ஆரம்பிச்சுட்டாங்க. அடிப்படை கைக்கு வர கொறஞ்சது ரெண்டு வருஷம்னு இங்க சொல்லுவாங்க. என்னை ஹோஜா மொத ஒரு வருஷம் ஊசியத் தொடவே விடல. பத்தால் மட்டும்தான்.

பத்தால்னா?

தெளிக்கறது மட்டும். ஊசி இல்ல, சீப்பு இல்ல. கலர் விழுந்த எடத்துல விழுந்து, ஒண்ணை ஒண்ணு தள்ளி, தானா நிக்கிற வடிவம். மத்த எல்லா வகையும் இதுலேருந்துதான் தொடங்குது, எல்லாத்துலயும் பழசும் இதுதான்.

பாக்குறதுக்கு சின்னப் பிள்ளைகூட பண்ணிடும் போல இருக்கும். ஆனா பத்தால்ல ஒளிஞ்சுக்க எடமே இல்ல. பூ போட்டா கண்ணு பூவுக்குப் போயிடும், பின்னாடி இருக்குற தரையில சொட்டு ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் பொடிசுன்னு இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க. பத்தால்ல ஓரத்துலேருந்து ஓரம் வரைக்கும் சொட்டு ஒரே சீரா பரவணும், நாலு கலர் போட்டா நாலும் தெரியணும், மொத கலர் நரம்பா ஓடணும், கடைசிக் கலர் கண்ணு கண்ணா நிக்கணும். பித்தக் கணக்கு, பிரஷ், மணிக்கட்டு, கித்ரே பதம், அரைச்ச பக்குவம் எல்லாத்தோட குறையும் அதுல அப்படியே தெரிஞ்சுடும். 9 வருஷத்துல எனக்கு முழு திருப்தி குடுத்த பத்தால் கை விரல்ல எண்ணிடலாம். அதுல ஒண்ணை சட்டம் போட்டு மேசைக்கு எதிர்ல மாட்டியிருக்கேன். வர்றவங்க பூ எங்கன்னு கேக்குறாங்க.

வேற என்ன வகை இருக்கு?

பத்தால் மேல ஊசிய முன்னும் பின்னும் இழுத்தா கெல்கித், பேருக்கே போறது வர்றதுன்னுதான் அர்த்தம். அது மேல பெருசா வளைச்சு இழுத்தா ஷால், சீப்பால இழுத்தா தராக். சுழி சுழியா சுத்தி விட்டா புல்புல் யுவசி, நம்ம ஊர் புல்புல் இல்ல, இங்க நைட்டிங்கேல் பறவையத்தான் புல்புல்னு சொல்றாங்க, அதோட கூடு. மேல கையெழுத்து எழுதறதுக்குன்னு கலரைத் தண்ணியாக்கி வெளிறலா எடுக்கறது தனி வகை.

சொட்டுக்குள்ள சொட்டு விட்டு அதை ஊசியால இதயமாவோ சக்கரமாவோ ஆக்குறது ஹாதிப். பூ வகையெல்லாம் இதுலேருந்துதான் பின்னால வளந்தது.

ஹாதிப்ங்கறது ஆளு பேரா?

ஆமா. ஹாதிப் மெஹ்மெத் எஃபெந்தி, அயாசோஃபியா பள்ளிவாசல்ல பிரசங்கம் பண்ணவர், ஹாதிப்னாலே அதான். 1773ல அவர் வீடு தீப்பிடிச்சப்போ உள்ள இருந்த எப்ருவையெல்லாம் காப்பாத்தப் போய் அதுலயே எறந்துட்டார். அவர் பண்ண வகைக்கு அவர் பேரே நின்னுடுச்சு. பொதுவா பழைய எப்ருல பண்ணவர் பேரு போட்ட கையெழுத்து இருக்காது, யார் பண்ணாங்கன்னே தெரியாத ஆயிரக்கணக்கான காகிதம் பழைய புஸ்தகங்களுக்குள்ள இருக்கு, அதுக்கு நடுவுல ஒருத்தர் பேரு இப்படித் தங்கியிருக்கு.

இதை யார் கண்டுபிடிச்சா, எப்படி இப்ப வரைக்கும் வந்துச்சு?

கண்டுபிடிச்சவர்னு ஒருத்தரைக் கைகாட்ட முடியாது. மத்திய ஆசியா, ஈரான் பக்கமிருந்து ஆட்டமன் நாட்டுக்கு வந்ததுன்னு சொல்லுவாங்க. எப்ரு செய்முறைய எழுதி வச்ச பழைய ஏடு 1608ல எழுதினது, 'தெர்திபி ரிசாலேயி எப்ரி'ன்னு பேரு.

இப்ப நாங்க பண்றது வந்த வழி நான் இருக்குற உஸ்குதார் வழியாத்தான். மேட்டு மேல ஓஸ்பெக்லெர் தெக்கேன்னு ஒரு சூஃபி மடம் இருக்கு, மத்திய ஆசியாலேருந்து வர்ற யாத்ரீகர்கள் தங்கற எடமா இருந்தது. அங்க ஷேக்கா இருந்த சாதிக் எஃபெந்தி புகாராவுல எப்ரு கத்துட்டு வந்தவர், 1846ல காலமானார். அவர் மகன் எத்ஹெம் எஃபெந்திக்கு தச்சு, அச்சு, எந்திரம்னு தெரியாத வேலையே கிடையாது, 'ஹெசார்ஃபென்', அதாவது ஆயிரம் கலை தெரிஞ்சவர்னு பட்டம். 1904ல காலமானார். அவர்கிட்ட கத்துக்கிட்டவர் நெஜ்மெத்தின் ஒக்யாய், 1883லேருந்து 1976 வரை இருந்தவர், இமாம், கையெழுத்துக் கலைஞர், புஸ்தகம் கட்டுறவர், வில்லாளி, ரோஜா வளக்குறவர். பூ வகைய அடையாளம் தெரியற மாதிரி துலிப்பாவும் கார்னேஷனாவும் நிறுத்தினது அவர்தான். கருவேலப் பிசினால எழுத்தை எழுதிட்டு தொட்டியில போட்டா பிசின் பட்ட எடத்துல கலர் ஒட்டாது, எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும், அந்த முறையும் அவரோடதுதான்.

அவர்கிட்ட கத்துக்கிட்ட அவர் சொந்தக்காரர் முஸ்தஃபா தூஸ்குன்மன் உஸ்குதார்ல நாட்டுமருந்துக் கடை வச்சிருந்தார். மூலிகை, வாசனைச் சாமான் விக்கிற கடை. அதை நடத்திக்கிட்டே எப்ரு பண்ணி, டெய்சி பூவை சேத்து, எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்து 1990ல காலமானார். இன்னிக்கு துருக்கில எப்ரு பண்றவங்கள்ல நெறைய பேர் சங்கிலிய இழுத்துக்கிட்டே போனா அவர்கிட்ட வந்து நிக்கும். ஒரு காலத்துல இது கிட்டத்தட்ட ஒரு மடம், ஒரு குடும்பம், ஒரு கடைங்கிற அளவுக்கு சுருங்கி அப்புறம் மறுபடி விரிஞ்சிருக்குன்னு நெனைக்கும்போது அந்தத் தெருவுல நடக்கறதே எனக்குப் பெருசா இருக்கு.

இது மதம் சம்பந்தப்பட்டதா? மத்தவங்க பண்ணலாமா?

வளந்தது சூஃபி மடத்துலயும் குர்ஆன் எழுதறவங்க பக்கத்துலயும். எங்க ஹோஜா மொத சொட்டு விடுறதுக்கு முன்னாடி பிஸ்மில்லா சொல்லுவார். துலிப்புக்கு இவ்ளோ மரியாதை ஏன்னா, துருக்கியில அதுக்குப் பேரு லாலே, அரபு எழுத்துல லாலேன்னு எழுதுற எழுத்துங்களும் அல்லாஹ்ன்னு எழுதுற எழுத்துங்களும் ஒண்ணே, வரிசைதான் வேற. ஆனா கத்துக்க வர்றவங்ககிட்ட யாரும் மதம் கேக்கறதில்ல, என்கிட்டயும் கேக்கல. பொறுமை இருக்கான்னுதான் பாத்தாங்க.

இந்தியாவுல இது இருந்ததா?

தக்காணத்துல இருந்தது. 17ஆம் நூற்றாண்டு பிஜாப்பூர்ல பளிங்குக் காகித முறையில உருவப் படமே பண்ணியிருக்காங்க. எலும்பும் தோலுமா ஒரு குதிரை, மேல ஒரு ஆளு, 1625 வாக்குல பண்ணது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. ஒரு எடத்தை மறைச்சு இன்னொரு எடத்துல மட்டும் கலர் ஏத்தி அந்த உடம்பை வரவச்சிருக்காங்க. போட்டோல பாத்தே எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஜப்பான்லயும் இப்படி ஒண்ணு இருக்காமே?

சுமிநாகஷி. அது வெறும் தண்ணி மேல மை விடுறது, எப்ருவை விட பழசு. தண்ணி கெட்டியா இல்லாததால கோடு காத்துக்குத் தகுந்த மாதிரி ஓடும். எப்ருல நாம நிறுத்தி வைக்கலாம், பூ வரையற அளவுக்கு.

அடிக்கடி என்ன தப்பாகும்?

தூசி. மேல ஒரு தூசி விழுந்தா அதைச் சுத்தி கலர் ஓட்டையாயிடும். அதனால ஒவ்வொரு தடவையும் தெளிக்கறதுக்கு முன்னாடி செய்தித்தாள் துண்டால தண்ணி மேல்பரப்பை இழுத்து எடுக்கணும். அப்புறம் காத்துக் குமிழி. காகிதத்தை ஒரு மூலையிலேருந்து மெல்ல எறக்காம பொத்துன்னு போட்டா உள்ள காத்து மாட்டிக்கும், அந்த எடம் வெள்ளை வட்டமா நிக்கும். எடுக்கும்போது தொட்டி விளிம்புல உரசினாப்ல இழுக்கணும், மிச்சக் கித்ரே அங்கயே வழிஞ்சுடும்.

சோப்பு எல்லாத்தையும் விட மோசம். ரெண்டாவது வருஷம் ஒரு தடவ தொட்டிய சோப்பு போட்டுக் கழுவிட்டு சரியா அலசாம விட்டுட்டேன். எந்தக் கலர் விட்டாலும் வெடிச்சு ஓடுது. மூணு நாள் ஊற வச்ச கித்ரே மொத்தமும் கொட்ட வேண்டியதாப் போச்சு, அன்னிக்கு அழுதுட்டேன். இப்ப தொட்டிக்கு வெந்நீர் மட்டும்தான். ஆகஸ்ட் வெயில்லயும் கித்ரே சீக்கிரம் கெட்டு நீர்த்துப் போயிடும், அதனால குளிர் காலத்துலதான் நெறைய பண்ணுவேன்.

ஒரே டிசைன்ல ரெண்டு வேணும், பண்ணித் தருவீங்களா?

முடியாது கண்ணு, எனக்கு மட்டும் இல்ல, யாராலயும் முடியாது. ஒரு தெளிப்புக்கு ஒரு காகிதம். அதே கலர், அதே வகையில அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டு எடுத்துத் தரலாம். அப்படி அச்சுப் போட முடியாததாலதான் பணம், பத்திரம் மாதிரி எடத்துலகூட கள்ளத்தனத்தைத் தடுக்க இதைப் போட்டிருக்காங்க. 1775ல அமெரிக்காவுல அடிச்ச 20 டாலர் நோட்டுல ஓரத்துல பளிங்குக் காகிதம்தான்.

வீட்ல பசங்களோட பண்ணிப் பாக்கலாமா?

தாராளமா. கடல்பாசிப் பொடி, கடையில விக்கிற ரெடிமேட் எப்ரு கலர், ஒரு அகலமான ட்ரே, மேல பளபளப்பு பூசாத சாதாரணக் காகிதம் போதும். பூ வரையச் சொல்லாதீங்க, தெளிக்க விடுங்க. எது எதைத் தள்ளுதுன்னு அவங்களே பாத்துக் கத்துப்பாங்க.

எல்லாம் முடிஞ்சா அந்தத் தண்ணிய என்ன பண்ணுவீங்க?

ஒரு தொட்டிக் கித்ரே பல நாள் ஓடும். போகப் போக கலரும் பித்தமும் சேந்து கலங்கி, சொட்டு முன்ன மாதிரி விரியாது. கொட்ட வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு தோணும். ஆனா அந்தக் களைச்சுப் போன தண்ணியிலதான் கும்லுன்னு ஒரு வகை நல்லா வரும், மணல் இறைச்ச மாதிரி பொடிப் பொடியா, புதுத் தண்ணியில அவ்ளோ லேசுல வராது. அதனால கடைசி நாள் காலையில ஒரே கலர், பெரும்பாலும் லாகூர் நீலம், ஒரே எடத்துல திரும்பத் திரும்ப விட்டு அது மணலா நெருங்கற வரைக்கும் காத்திருப்பேன். ரெண்டு மூணு காகிதம் கிடைக்கும். அதைக் காயப் போட்டுட்டுதான் தொட்டியக் கழுவுவேன்.